ஊஞ்சல் பலகையும் பேரனின் கிட்டாரும்

போன வருஷம் மே மாதம் என் பேரன் என்னிடம் ஒரு பலகை கேட்டான். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். வழக்கம்போல் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலகை என்றால் ஊஞ்சல் பலகை. பர்மா தேக்கு. 6 அடி நீளம், 22 அங்குல அகலம், 2 அங்குல கனம். ஒட்டுப் போடாத ஒரே பலகை. என் தாத்தா காலத்தில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் மாட்டியது. நான் பிறந்தபோதும் அது ஆடிக்கொண்டிருந்தது, என் மகள் பிறந்தபோதும் ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சமையல் வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரி அதில் தெற்கு ஓரமாக உட்கார்ந்து பூ கட்டுவாள். வடக்கு ஓரத்தில் நான் பேப்பரோடு. கடைசி ஏழெட்டு மாதம் அவளால் உட்கார முடியவில்லை. தலையணை வைத்து அதிலேயே படுத்திருப்பாள். கட்டிலைவிட அதுதான் முதுகுக்கு இதமாக இருக்கிறது என்பாள். 2013இல் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் தம்பிகள் பாகப் பிரிவினையில் வீட்டை விற்றோம். வாங்கியவர் அடுக்குமாடி கட்டுகிறவர். இந்த இடத்தில் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரி அரசாங்க உத்தியோகத்தில் நான் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய வருஷங்களில் பாதிக்கு மேல், இடிக்கப்படும் பழைய கட்டடங்களின் மரச்சாமான்களை ஏலம் விடும் கோப்புகள்தான் என் மேஜையில் இருந்தன. உத்தரம் எத்தனை, நிலை எத்தனை, கன அடி எவ்வளவு என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். அப்படிப்பட்ட நான் சொந்த வீட்டை விற்ற பத்திரத்தில் மரத்தைப் பற்றி ஒரு வரி எழுத மறந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் லாரி நிற்கிறது. தேக்கு உத்தரங்கள், பனஞ்சாத்துகள், தூண்கள், வாசல் நிலை எல்லாம் ஏறிக்கொண்டிருக்கின்றன. கேட்டால், “எல்லாம் சேர்த்துத்தானே சார் விலை பேசினோம்” என்றார் அந்த மனிதர். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஊஞ்சல் பலகையை மட்டும் முதல் நாளே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன், அது தப்பியது.

மகளோடு இப்போது இருக்கும் ஃப்ளாட்டில் ஊஞ்சல் மாட்ட இடமில்லை. பலகை என் அறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. பத்து வருஷமாக. அதைத்தான் பேரன் கேட்டான், எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய.

“அது உன் பாட்டி படுத்திருந்த பலகைடா” என்றேன். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. இரண்டு நாள் அவன் என் அறைப் பக்கமே வரவில்லை. மகளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான் செய்தது தப்பு என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் அவன் தன்னிடம் இருக்கும் கிட்டாரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வந்தான். “தாத்தா, உள்ளே என்ன மரம்னு பாருங்க” என்று அதன் மேல் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினான். வெளியே பளபளவென்று கறுப்புச் சாயம். உள்ளே பள்ளம் வெட்டிய இடத்தில் சாயம் இல்லை. வெளிறிய தந்த நிறத்தில், ரேகையே தெரியாத ஒரு மரம். நகத்தால் அழுத்தினால் பதிகிறது.

“என்ன மரம்?”

“பாஸ்வுட்.”

அவன் செல்போனில் அதன் பிரெஞ்சுப் பெயரைத் தேடச் சொன்னேன். தியெல் என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்று பல தடவை எழுதியிருக்கிறேன். 1950களின் கடைசியில் எங்கள் வாசகப் புத்தகம் முழுக்க மரங்கள். கிராமத்து மாதா கோவில் எதிரே தியெல் மரம், அதன் பூவில் போடும் கஷாயம், ஆற்றங்கரையில் ஓன் மரம், குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் ஃப்ரேன், எராபிள். தீக்தேயில் இந்தப் பெயர்களை எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டும். ஓன் என்று முசே வாயால் சொல்வார், நாம் நடுவில் சத்தமே வராத எழுத்துகளையும் போட வேண்டும். விட்டால் முட்டி மேல் ஸ்கேல் அடி. ஆனால் அந்த மரங்களில் ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றவை வேம்பும் பூவரசும்தான். அக்காஜூ என்று ஒரு வார்த்தை வரும். பிரெஞ்சில் அதற்கு மகோகனி என்றும் பொருள், முந்திரி மரத்தையும் அப்படிச் சொல்வதுண்டு. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் முந்திரிக்கொட்டையை அறிந்த நாங்கள், பெரிய முசேயின் அக்காஜூ மேஜை முந்திரி மரத்தில் செய்தது என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆக, 74 வயதில், ஒரு சீனா கிட்டாரின் வயிற்றுக்குள்தான் தியெல் மரத்தை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். பையனிடம், “மற்ற கிட்டாரெல்லாம் என்ன மரம்?” என்று கேட்டேன். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் பழைய வாசகப் புத்தகத்தின் பொருளடக்கத்தை யாரோ படிப்பது போலவே இருந்தது. ஆல்டர் என்றால் ஓன். ஆஷ் என்றால் ஃப்ரேன். மேப்பிள் என்றால் எராபிள். நம் தோதகத்தி மரம் இருக்கிறதே, சிலர் ஈட்டி என்பார்கள், அதற்குப் பிரெஞ்சில் பலிசாந்த்ர். அது பெரும்பாலும் விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பலகைக்குத்தான் போகிறது. உடலுக்குப் போட்டால் கனம் தாங்காது. ஆனாலும் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஃபெண்டர் கம்பெனிக்காரர்கள் கழுத்தும் உடலும் முழுக்க ரோஸ்வுட்டிலேயே ஒரு கிட்டார் செய்து கொடுத்தார்கள். 1969 ஜனவரியில் லண்டன் மொட்டை மாடியில் அவர்கள் வாசித்தபோது அவர் கையில் இருந்தது அதுதான்.

பிறகு இரண்டு வாரம் எனக்கு இதே வேலை. பேரனிடம் கேட்பது, அவன் காட்டும் காணொளிகளைப் பார்ப்பது, படிப்பது. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வீணையில் மரம்தான் குரல். தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து குடம் செய்கிறார்கள். தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மரத்துக்குப் போய், மரம் அதிர்ந்து, குடத்துக்குள் இருக்கும் காற்று அதிர்ந்து நம் காதுக்கு வருகிறது. சாதாரணக் கிட்டாரும் அப்படித்தான். எலெக்ட்ரிக் கிட்டார் அப்படியில்லை. தந்திகளுக்குக் கீழே காந்தங்கள், அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது, கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. நைலான் நரம்பைக் கட்டி வாசித்தால் அந்தக் காந்தத்துக்கு ஒன்றும் கேட்காது. அதாவது அது கேட்பது மரத்தை அல்ல, தந்தியை.

அப்படியானால் எதற்கு இந்தக் கெட்டிக் கட்டை? கல்யாண மண்டபத்தில் மைக் ‘கூ’ என்று கூவுமே, அதேதான் காரணம். குடம் உள்ள கிட்டாரில் காந்தத்தைப் பொருத்திச் சத்தத்தை ஏற்றினால், ஸ்பீக்கரின் சத்தம் குடத்தை அதிர வைத்து, குடம் தந்தியை அதிர வைத்து, ஊளையிட ஆரம்பித்துவிடும். 1940 வாக்கில் நியூயார்க்கில் லெஸ் பால் என்ற வித்வான் இதற்கு ஒரு வழி கண்டார். நாலு அங்குலத்துக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றை எடுத்து, அதன் மேல் தந்தி கட்டி, காந்தம் வைத்து வாசித்தார். கட்டை வாசித்தது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது வாத்தியமாகவே தெரியவில்லையாம். பழைய கிட்டார் ஒன்றை இரண்டாக அறுத்து இரு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினார். சத்தத்துக்கு அந்த இறக்கைகளால் ஒரு பயனும் இல்லை. ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்! அவர் பெயரிலேயே கிப்ஸன் கம்பெனி 1952இல் வெளியிட்ட கிட்டார், மகோகனி உடல் மேல் மேப்பிள் பலகை ஒட்டியது.

கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். அவர் ரேடியோ ரிப்பேர்க்காரர், கிட்டார் வாசிக்கவே தெரியாது. முதல் மாதிரியைப் பைன் மரத்தில் செய்தார், 1950இல் விற்பனைக்கு வந்தபோது ஆஷ், 1956 வாக்கில் பெரும்பாலானவற்றுக்கு ஆல்டர். இந்த மரம் இனிமை, அந்த மரம் கணீர் என்று இன்றைக்கு ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். ஆல்டர் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் தாராளமாக வளர்கிற மரம். காடு வெட்டிய இடத்தில் முதலில் முளைப்பதே அதுதான். லேசானது, அறுக்கச் சுலபம். ஆஷ் போலப் பெரிய துளைகள் இல்லாததால், வர்ணம் பூசுமுன் மாவு தேய்த்து அடைக்கும் வேலை மிச்சம். நம் ஊர் ஆசாரி பக்கத்துத் தோப்பில் கிடைப்பதை வாங்குவது போலத்தான் அவரும் வாங்கியிருக்கிறார் என்பது, ஏலக் கோப்பு எழுதிய என் அபிப்பிராயம்.

அந்த ஆஷிலும் அவர்கள் தேடுவது மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் நிற்கும் மரத்தின் அடிப்பாகம். அதுதான் லேசாக இருக்குமாம். இப்போது அதற்கும் கேடு வந்துவிட்டது. ஆசியாவிலிருந்து போன பச்சை நிற வண்டு ஒன்று 2002இல் மிச்சிகன் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பட்டைக்கு அடியில் துளைத்துத் துளைத்துக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. வெள்ளமும் சேர்ந்துகொள்ள, வழக்கமான கிட்டார்களில் ஆஷைப் போடுவதை நிறுத்துகிறோம் என்று 2020இல் ஃபெண்டர் கம்பெனியே அறிவித்தது. தீக்தேயில் நான் அடி வாங்காமல் எழுதிய ஒரே மரம் ஃப்ரேன். படித்தபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, மரத்தால் சத்தம் மாறுமா மாறாதா? அவ்வளவாக மாறாது என்பது பேரன் கட்சி. காந்தத்தை மாற்றினால் மாறுகிற அளவில் கால்வாசி கூட இருக்காது என்கிறான். ஆனால் கிட்டாரின் முதுகில் விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்கிறதே? கட்டை கொஞ்சமாவது பேசத்தானே செய்கிறது? இதைக் கேட்டதும் சிரித்தான். பெரிய பெரிய ஆட்களே இன்னும் இதில்தான் நிற்கிறார்களாம். என் தீர்ப்பு: தந்தி எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கிறது, தோளில் எவ்வளவு கனக்கிறது, கைக்கு எப்படி இருக்கிறது, இதெல்லாம் மரத்தின் பொறுப்பு. மற்றதில் பாதி நம்பிக்கை.

இதற்கிடையில் பேரன் சாமர்த்தியமாக ஒரு கதையை எடுத்துவிட்டான். குவீன் குழுவின் பிரையன் மே. 1963இல் அவருக்கு 16 வயது. கடையில் கிட்டார் வாங்க வசதியில்லை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தார். கழுத்துக்கு மரம், நண்பர் வீட்டிலிருந்து கழற்றிப் போட்ட பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்திருக்கிறார். உடலின் நடுக்கட்டை ஒரு பழைய ஓக் மேஜையிலிருந்து. ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கைப்பிடியின் நுனி அம்மாவின் ஸ்வெட்டர் பின்னும் ஊசி. அந்தக் கிட்டாரைத்தான் அறுபது வருஷமாக மேடைகளில் வாசிக்கிறார். நடுவில் வானவியலில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார், அது வேறு விஷயம்.

“அந்த மேஜையில யாரோ சாப்பிட்டிருப்பாங்கதானே தாத்தா” என்றான் பையன்.

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நரசிங்கம்பேட்டை ஞாபகம் வந்தது. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். நாதஸ்வரம் செய்கிற ஆசாரிகள் அங்கே புது மரத்தைத் தொடுவதில்லை. ஆச்சா மரம் வேண்டும், அதுவும் இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் தூணும்தான் வேண்டும். ஐம்பது, நூறு வருஷம் கூரையைத் தாங்கி ஈரம் முழுக்க வற்றிய மரம்தான் வெடிக்காமல், வளையாமல் நிற்கும். யாரோ ஒருவர் வீட்டு உத்தரம்தான் இன்று யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு ஒலிக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து லாரி ஏறிய மரம் எங்கே போயிற்றோ, யார் வீட்டில் டீப்பாய் ஆயிற்றோ எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி டேப்பை எடுத்துப் பலகையை அளந்தேன். கிட்டார் உடலுக்குத் தேவை 19 அங்குல நீளம், 13 அங்குல அகலம். முழுப் பலகையை வெட்டத் தேவையில்லை. ஒரு ஓரத்தில் 19 அங்குலம் போனால், மிச்சம் 4 அடி 5 அங்குலம். ஒருத்தர் தாராளமாக உட்காரலாம். கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே நான் கோபப்பட்டிருக்கிறேன். உத்தியோகத்தில் இப்படிச் செய்திருந்தால் மெமோ வந்திருக்கும்.

எடையும் போட்டேன். ஆல்டர் உடல் என்றால் ஏறக்குறைய 2 கிலோ வரும். தேக்கு அதைவிட அடர்த்தி, அதே அளவுக்கு 2 கிலோ 800 வரும். பேரன் தோளுக்குத்தான் கஷ்டம். “பரவாயில்ல” என்றான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஆசாரியிடம் எடுத்துப் போனோம். பலகையை முழங்கையால் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். “இந்த மாதிரி இப்ப எங்கய்யா கெடைக்குது? இத அறுக்கணுமா?” என்று என்னைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, “எந்தப் பக்கம் எடுக்கட்டும்?” என்றார்.

அதை நான் யோசித்து வைக்கவில்லை. தெற்கு ஓரம், வடக்கு ஓரம் என்பதெல்லாம் கூடத்தில் மாட்டியிருந்தபோதுதான். கடையில் ஸ்டூல் மேல் கிடக்கும் பலகைக்கு ஏது திக்கு? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில், விளிம்பை ஒட்டி, பூ கட்டும்போது நாரைச் சுற்ற அவள் அடித்து வைத்த சின்ன ஆணியின் துளை இருந்தது. மறு ஓரத்தைக் காட்டினேன். அது என் ஓரம்.

அறுக்க நேரமாயிற்று. தேக்கில் மணல் சத்து உண்டு, பிளேடு மழுங்கிவிடும். ஆசாரி இரண்டு தடவை பிளேடு மாற்றினார், அதற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டார். சீவி ஒன்றே முக்கால் அங்குலக் கனத்துக்குக் கொண்டுவந்தபோது, மேலே கறுத்திருந்ததெல்லாம் போய் உள்ளே தேன் நிறம். நூறு வருஷம் ஆகியும் தேக்கு வாசனை கடை முழுக்க. சுருள் சுருளாக விழுந்த சீவலில் ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேப்பிள் கழுத்தைப் பேரன் தனியாக வரவழைத்திருந்தான். நாலு திருகாணியில் அது பொருந்தியது, பசைக்கு வேலையே இல்லை. சாயம் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். வெறும் எண்ணெய் தேய்த்ததோடு சரி.

ஒரு சிக்கல் வந்தது. ஊஞ்சல் வளையம் மாட்டிய துளை ஒன்று, உடலின் கீழ்ப்பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விழுந்துவிட்டது. வளையம் உராய்ந்து அதன் வாய் கொஞ்சம் தேய்ந்தும் இருந்தது. ஆசாரி துண்டு மரம் வைத்து அடைத்துத் தருகிறேன் என்றார். பேரன் வேண்டாம் என்றான். அந்தத் துளையையே கொஞ்சம் அகலமாக்கி, ஆம்ப்ளிஃபயர் வயரைச் செருகும் இடத்தை அங்கே வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் மாதம் தந்தி கட்டினான். எடை 4 கிலோ 200. ஆம்ப்ளிஃபயரில் போட்டு வாசித்தபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. என் காது மெஷினுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் விழும். “வயரை எடுத்துட்டு வாசிடா” என்றேன். மெஷினையும் கழற்றி வைத்துவிட்டேன். அவன் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்தான். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவனே, “தாத்தா, இங்க தாடைய வைங்க” என்று கிட்டாரின் மேல் கொம்பைக் காட்டினான். குனிந்து தாடையை மரத்தின் மேல் அழுத்தி வைத்தேன். எலும்பு வழியாக நேராக உள்ளே வந்தது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, முடியும்வரை.

மிச்சப் பலகைக்கு ஆசாரி புதிதாக இரண்டு துளை போட்டுக் கொடுத்திருக்கிறார். பால்கனிக் கூரையில் கொக்கி போட மாப்பிள்ளை அசோசியேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.